மூன்றாவது கட்டம் கேட்டவருக்கு

மருத்துவமனை மொழிபெயர்ப்பு அறையில் முப்பத்தொரு ஆண்டுகள் பணிபுரிந்து இன்று ஓய்வு பெறும் எங்கள் மூத்த மொழிபெயர்ப்பாளருக்கு, அதே அறையில் அவரோடு உட்கார்ந்த மூவர் வாசித்து அளிக்கும் பாராட்டு மடல்

நோயாளியின் நாவுக்கும் மருத்துவரின் செவிக்கும் நடுவே நாள்தோறும் நடந்தவரே!

வலியோடு வந்த வார்த்தைகளை வழியில் சிந்தாமல் வாங்கிச் சென்று சேர்த்தவரே!

படுக்கைதோறும் குனிந்து, பதில்தோறும் பொறுத்து, படிதோறும் ஏறி, இரண்டு முழங்கால்களையும் இந்தக் கட்டடத்துக்கே கொடுத்துவிட்டு வீடு திரும்புபவரே!

வார்டு முழுவதும் "மூணுதரம் சார்" என்று கூப்பிட்டபோது, அதில் பாதி கேலி என்று தெரிந்தும், மீதிப் பாதிக்காகத் திரும்பிப் பார்த்தவரே!

வணக்கம்.

நம் அறையில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளி "எனக்கு வலிக்குது" என்பார். ஏட்டில் "அவருக்கு வலிக்கிறது" என்று எழுதுவோம். அடுத்தவர் சொன்னதை நம் கையால் எழுதும்போது 'நான்' என்று போடுவது திருட்டு என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வழக்கப்படி இந்த மடலிலும் இனி நீங்கள் 'அவர்'. எழுதியதைச் சம்பந்தப்பட்டவருக்கு முழுக்க வாசித்துக் காட்டுவதும் வழக்கம். வாசிக்கிறோம். பிசகு இருந்தால் நிறுத்துங்கள்.

அவர் பணியில் சேர்ந்தபோது அறையில் ஒரு மேசை, ஒரு சுவர் மின்விசிறி, பழைய எக்ஸ்ரே படங்கள் அடுக்கிய நான்கு இரும்பு அலமாரிகள். அலமாரிகள் வீட்டுக்காரர்கள், அவர் ஒண்டுக்குடித்தனம். மின்விசிறிகூட அலமாரிகளைப் பார்த்தே சுற்றியது. வேற்றுமொழி ஊர்; மருத்துவர்களுக்குத் தமிழ் தெரியாது. நோயாளிகளில் பாதிப் பேருக்குத் தமிழைத் தவிர வேறு தெரியாது. நடுவில் அவர் ஒருவர்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஒரு மஞ்சள் படிவத்தை நிரப்ப வேண்டும். மேலே பெயர், வயது, படுக்கை எண். கீழே நோயாளியின் பதிலுக்கு ஒரு கட்டம். கட்டைவிரல் அகலம். அதற்குள் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல். நோயாளி சரி என்றால் 'அக்ரீட்'. வேண்டாம் என்றால் 'ரெஃப்யூஸ்டு', அதாவது மறுத்துவிட்டார். மருத்துவர்கள் கட்டத்தைப் பார்ப்பார்கள். அடுத்த படுக்கைக்குப் போவார்கள். அவரைப்போல் வேகமாகக் கட்டம் நிரப்பியவர் இந்த மருத்துவமனையில் இருந்ததில்லை. ஒரு படுக்கைக்கு நான்கு நிமிடம். முதல் ஆறு ஆண்டுகளில் இரண்டு முறை நற்சான்றிதழ் வாங்கினார். அவை இரண்டும் அலமாரியில் எக்ஸ்ரே படங்களுக்கு அடியில் கிடக்கின்றன. அவரே போட்டார்.

ஏழாம் ஆண்டில் கொத்தனார் வந்தார்.

பதினான்காம் படுக்கை, சன்னலோரம். ஆணி குத்திய கால். சர்க்கரை நோய் இருந்தது அவருக்கே தெரியாது. கால் கணுக்கால்வரை கறுத்திருந்தது. அறுவை மருத்துவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். இன்னும் ஐந்து படுக்கை பாக்கி. கொத்தனாரின் மனைவி துணி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தார்.

"முட்டிக்குக் கீழ காலை எடுத்துடணும்னு டாக்டர் சொல்றாரு. இல்லைன்னா உயிருக்கே ஆபத்துங்கறாரு. சரியா?"

கொத்தனார் தன் காலைப் பார்த்தார். பிறகு மருத்துவரின் காலணிகளைப் பார்த்தார்.

"வேணாம் சார். சாரம் ஏறணுமே."

அவர் கட்டத்தில் ரெஃப்யூஸ்டு என்று எழுதினார். மருத்துவர் பார்த்தார். கோப்பில் சிவப்புச் சீட்டு ஒட்டப்பட்டது. சிவப்புச் சீட்டு ஒட்டிய கோப்பு அறுவை மருத்துவரின் அடுக்கிலிருந்து வார்டின் அடுக்குக்கு மாறிவிடும். அதன் பிறகு அறுவை மருத்துவர் அந்தப் படுக்கையில் நிற்க மாட்டார். இது மொழிபெயர்த்த அவருக்குத் தெரியும். கொத்தனாருக்குத் தெரியாது.

"டாக்டர் மறுபடி எப்ப வருவாரு சார்?"

"நாளைக்குக் காலையில வருவாரு."

சொன்னது பொய் இல்லை. மறுநாள் காலையில் மருத்துவர் வார்டுக்கு வந்தார். மொழிபெயர்ப்பாளரான அவருக்கு அன்று வார விடுமுறை. மூன்றாம் நாள் காலையில் அவர் வந்தபோது பதினான்காம் படுக்கையில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அறை வாசலில் கொத்தனாரின் மனைவி துணிப்பையோடு நின்றிருந்தார்.

"நீங்கதானே சார் அன்னிக்கு டாக்டரோட வந்தது?"

"ஆமாம்மா."

"டாக்டர் நாளைக்கு வந்து திரும்பக் கேப்பாரு, அப்ப சரின்னு சொல்லிடறேன்னாரு. கேட்ட உடனே தலையாட்டினா பயந்தாங்கொள்ளின்னு நெனைப்பாங்களாம். நல்ல சட்டையா ஒண்ணு எடுத்துட்டு வான்னாரு. காலையிலயே போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. டாக்டர் அந்தப் பக்கமாப் போனாரு. இவரு கையைத் தூக்கினாரு. டாக்டரும் பதிலுக்குக் கையைத் தூக்கிட்டுப் போயிட்டாரு."

அவர் பதினான்காம் படுக்கைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மத்தியானம் காய்ச்சல் ஏறிடுச்சு. நான் இந்த ரூமுக்குத்தான் ஓடி வந்தேன். பூட்டியிருந்துச்சு. நர்சுங்ககிட்ட சொன்னேன், அவங்களுக்கு நான் சொல்றது புரியல." பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "ஏன் சார், ஒரு தடவை வேணாம்னா வேணாமா? வீட்டுக்கு வர்றவங்களுக்கு டீ வேணுமான்னு கேட்டாக்கூட ரெண்டு தடவை கேப்போமே. இது காலு சார்."

அந்த அம்மாள் சண்டை போடவில்லை. இறப்புச் சான்றிதழ் எந்த அறையில் கொடுப்பார்கள் என்று கேட்டார். அவர் கூட்டிக்கொண்டு போய் விட்டார். அங்கே வரிசை இருந்தது. அவரும் கூடவே வரிசையில் நின்றார்.

யாரும் அவரை விசாரிக்கவில்லை. விசாரிக்க ஒன்றுமில்லை. கேள்வி சரியாகக் கேட்கப்பட்டது. பதில் சரியாக எழுதப்பட்டது. நான்கு நிமிடத்தில் முடிந்தது. ஒரு மெமோவாவது கொடுத்திருந்தால் சண்டை போட்டுத் தேற்றிக்கொண்டிருப்பேன் என்று ஒருமுறை எங்களிடம் சொன்னார்.

முதலில் சொல்லும் 'வேண்டாம்' என்பதை நம்மில் யார் நம்புகிறோம்? சாப்பிடும்போது தட்டின்மேல் கையை விரித்து மறைத்துப் போதும் போதும் என்போம். விரல்களுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்போம். பரிமாறுகிறவருக்கு அந்த இடைவெளி தெரியும். பிறந்ததிலிருந்து அவருக்கும் தெரியும். மஞ்சள் படிவத்தின் முன்னால் மட்டும் அது மறந்துபோயிற்று.

மருத்துவர்களின் நூலகத்தில் கனத்த அகராதி ஒன்று இருந்தது. மதிய உணவு வேளையில் போய் உட்கார்ந்தார். மூன்று வாரம். கட்டத்தில் ஒரு சொல்தான் எழுதலாம்; அந்த ஒரு சொல்லைத் தேடினார். அன்வில்லிங் என்று ஒன்று கிடைத்தது: மனமில்லாதவர். ஆனால் அதைப் படிக்கிற மருத்துவர் நிற்க மாட்டார் என்று தோன்றியது. பிறகு ரிலக்டன்ட் கிடைத்தது. மனமில்லை, ஆனாலும் செய்யக்கூடும். தயங்குகிறார், ஆனாலும் போய்விடவில்லை. பழைய லத்தீனில் அதன் வேருக்கு மல்லுக்கு நிற்பது என்று பொருளாம். அதைப் படித்தபோது அகராதியை மூடிவிட்டாராம். கொத்தனார் அன்று பகல் முழுக்கத் தன்னோடு தானே மல்லுக்கு நின்றிருக்கிறார். இவர் முதல் பிடியிலேயே ஆட்டம் முடிந்தது என்று எழுதிவிட்டார்.

நாங்கள் பணியில் சேர்ந்த பிறகு எங்களுக்கு அந்தச் சொல்லை அவர் விளக்கிய விதம் வேறு. "லீவு முடிஞ்சு திங்கக்கிழமை வேலைக்கு வர்றான் பாரு, அவன் ரிலக்டன்ட். உடம்பு சரியில்லைன்னு போன் போட்டுட்டு வீட்டுல படுத்திருக்கறவன் அன்வில்லிங். ராஜினாமாவைத் தபால்ல அனுப்பினவன் ரெஃப்யூஸ்டு. நீங்க மூணு பேரும் எதுன்னு நான் சொல்ல மாட்டேன்." இன்னொரு நாள்: "பல் டாக்டர் நாற்காலியில உக்காந்து வாயைத் திறக்கறான்ல, அவன் ரிலக்டன்ட். மனசு வேணாங்குது, வாய் திறந்துடுச்சு. அவனைப் பார்த்து இவனுக்கு இஷ்டமில்லைன்னு எழுதினாலும் தப்பு, சம்மதம்னு எழுதினாலும் தப்பு."

முதன்முதலாக அந்தச் சொல்லை ஒரு காவலாளியின் படிவத்தில் எழுதினார். கட்டத்துக்குள் அடங்கவில்லை. கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே நின்றது. தலைமை அறுவை மருத்துவர் படிவத்தைத் தூக்கிப் பிடித்து, ஆமாம் அல்லது இல்லை என்றுதானே கேட்டேன், இது என்ன என்றார்.

"அவர் வேண்டாம் என்றார் ஐயா. சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தார்."

மருத்துவர் பேனாவை மூடினார். காவலாளியின் படுக்கைக்குத் திரும்பிப் போய் இன்னொரு முறை கேட்டார். காவலாளி சரி என்றார். அந்தக் காவலாளி இப்போதும் எங்கோ காவல் காக்கிறார்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் படிவமே மாறியது. மூன்று கட்டங்கள் அச்சாயின. சம்மதம், மறுப்பு, நடுவில் ரிலக்டன்ட். நடுக் கட்டத்தில் குறி இருந்தால் கோப்பு மருத்துவரின் அடுக்கிலேயே இருக்கும். மருத்துவர் திரும்ப வந்தாக வேண்டும். ஓய்வு பெறும் ஊழியரின் சாதனை என்று சொல்ல வேண்டுமானால் இந்த ஒரு கட்டம்தான். கட்டைவிரல் அகலம்.

இந்த இடத்தில் கைதட்ட நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். லாரி ஓட்டுநர் இருக்கிறார்.

ஓட்டுநரின் இடது கால் விபத்தில் நசுங்கியிருந்தது. வேண்டாம் என்றார். அவர் நடுக் கட்டத்தில் குறித்தார். மருத்துவரோடு திரும்பப் போனார். மறுபடியும் வேண்டாம். மாலையில் மூன்றாவது தடவை போனார். ஓட்டுநர் சரி என்றார். காலை எடுத்தார்கள். ஓட்டுநர் பிழைத்தார். மருத்துவமனைக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் செய்தித்தாள் விற்கத் தொடங்கினார். பதினோரு ஆண்டுகளாக அவர் தினமும் காலையில் அங்கேதான் செய்தித்தாள் வாங்குகிறார். தினமும் அதே பேச்சு.

"நான் வேணாம்னுதானே சார் சொன்னேன்?"

"ஆமாம்பா."

"அப்புறம் ஏன் சார் மூணாவது தடவை கேட்டீங்க? எங்கம்மா கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டிருந்தாங்க. எங்கண்ணன் முறைச்சுக்கிட்டு நின்னான். உங்க கையில பேனா வேற. அந்த நேரத்துல எவனாலதான் வேணாம்னு சொல்ல முடியும்?"

அவர் செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடப்பார். வேறு கடையில் வாங்கியதில்லை.

நம் அறையின் விதிகள் அந்த பஸ் நிறுத்தத்தில்தான் உருவாயின. மூன்று தடவைதான் கேட்க வேண்டும். நான்காவது தடவை கூடாது. ஒரே மூச்சில் கேட்கக்கூடாது. காலை, மதியம், மாலை. உறவுக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும். நின்றுகொண்டு கேட்கக்கூடாது, ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். பேனா பைக்குள் இருக்க வேண்டும். இவ்வளவையும் நாங்கள் சிரித்துக்கொண்டேதான் கற்றோம். மூணுதரம் சார் என்ற பெயரைச் சூட்டியதும் வார்டு அல்ல, நாங்கள்தான். இன்று ஒப்புக்கொள்கிறோம்.

ஆனாலும் சொல் கையைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. புதிதாக வந்த மருத்துவர்கள் நடுக் கட்டத்தைப் பார்த்ததும், ரிலக்டன்ட்தானே, அப்படியென்றால் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று கிளம்பினார்கள். அவர் பின்னாலேயே ஓடினார். மல்லுக்கு நிற்கிறவனை முதுகில் தள்ளாதீர்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிக் குரல் கட்டிக்கொண்டது. ஒரு பக்கம் கேட்காமல் போகிற மருத்துவர். மறுபக்கம் கேட்டே சாய்த்துவிடுகிற மருத்துவர். இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டத்தைக் காவல் காப்பதற்கே அவருடைய மீதி உத்தியோகம் போயிற்று. எத்தனை பேரைக் காப்பாற்றியிருப்பீர்கள் என்று நாங்கள் கேட்டோம். "கொத்தனாரைக் காப்பாத்தலையே" என்றார். வேறு எண் அவரிடம் இல்லை.

இரண்டு மாதங்களுக்கு முன்னால் மஞ்சள் படிவம் போய் டேப் என்னும் கைக்கணினி வந்தது. திரையில் இரண்டு கட்டங்கள். பச்சை, சிவப்பு. தொட்டால் போதும். பத்து நிமிடம் எதையும் தொடாவிட்டால் சிவப்பு தானாக எரியும். சிவப்பு எரிந்தால் அறுவை நேரம் அடுத்த நோயாளிக்குப் போய்விடும். வெளியேறும் சீட்டு வார்டு மேசையில் தானாக அச்சாகும்.

அவர் மனு எழுதினார். மூன்றாவது கட்டம் வேண்டும் என்று. நான்கு மனுக்கள். நாங்களும் கையெழுத்திட்டோம். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கடைசி மனுவுக்கு மட்டும் பதில் அனுப்பினார். தயங்குவது ஒரு பதில் ஆகாது என்று ஒரு வரி. கண்காணிப்பாளர் இப்போது இந்த அரங்கில் முன்வரிசையில் இருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு மொழிபெயர்க்க வேண்டிய நாங்கள் மேடையில் வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் திங்கட்கிழமை தையற்கார அம்மாள் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. மார்பில் கட்டி. எடுத்துவிட்டால் பிழைக்க வழி உண்டு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மறுநாள் காலைக்கு அறுவை நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டேப் மடியில்.

"என்னம்மா, ஆபரேஷன் பண்ணிடலாமா?"

"வேணாங்க. பள்ளிக்கூடம் திறக்கப்போகுது. யூனிபார்ம் குவிஞ்சு கிடக்கு."

"யூனிபார்ம் இருக்கட்டும். நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"வேணாங்க." சொல்லிவிட்டுச் சன்னலைப் பார்த்தார். "வேணாம்னுதான் நெனைக்கிறேன்."

அவர் டேப்பை எங்களில் ஒருத்தியிடம் கொடுத்தார். எதையும் தொடாதே என்றார். "இதோ வந்துடறேம்மா, எங்கயும் போயிடாதீங்க" என்றார். மருத்துவரை நேரில் பார்த்து, அறுவை நேரத்தை ஒரு நாள் பிடித்துவைக்கச் சொல்ல வேண்டும். லிப்டில் கட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படியேறினார். மூன்று மாடி. மருத்துவர் அறுவை அரங்குக்குள் இருந்தார். வாசல் பெஞ்சில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தார். மருத்துவர் வெளியே வந்து கேட்டுவிட்டு, டேப்பில் என்ன இருக்கிறது என்றார்.

கீழே டேப்பில் சிவப்பு எரிந்து அரைமணி ஆகியிருந்தது. எங்களில் ஒருத்தி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பத்து நிமிடம் முடியப்போகிறது என்று திரை எச்சரித்தபோது பச்சையைத் தொடவும் அவளுக்கு மனம் வரவில்லை. அதுவும் பொய்தானே. சீட்டு அச்சாகி வந்ததும் வார்டு உதவியாளர் அதை அம்மாளிடம் கொடுக்கப் போனார்.

"சீட்டு வந்துடுச்சுன்னு சொன்னேன் சார். அப்பக் கெளம்பலாமான்னு கேட்டாங்க. கெளம்பலாம்னேன். பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. சீட்டைக்கூட வாங்கல" என்றார் உதவியாளர்.

அவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். அறுபதை நெருங்கும் முழங்கால்கள். பஸ் நகர்ந்துகொண்டிருந்தது.

"தையக்காரம்மாவா?" என்றார் செய்தித்தாள் விற்கும் ஓட்டுநர். "ஏறிட்டாங்க. என்ன சார், இன்னொரு தடவை கேக்கணுமா?"

அவர் சீட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். ஓட்டுநர் அவரைப் பார்த்துவிட்டுத் தன் முக்காலியைத் தள்ளி வைத்தார். "உக்காருங்க சார்" என்றார். அவர் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து அவர் டேப்பைத் தொடவில்லை. தன் மேசையில் உட்கார்ந்திருப்பார். மடலில் என்ன எழுதட்டும் என்று கேட்டதற்கு, "பெருசா ஒண்ணும் எழுதாதீங்க. அந்தம்மாவைத் திரும்பக் கேக்க முடியாமப் போச்சுன்னு எழுதுங்க" என்றார்.

அதை எழுதிவிட்டோம். இனி எழுதியிருப்பது உங்களுக்குத் தெரியாதது; அதனால் 'அவர்' போய் மறுபடி 'நீங்கள்'.

சனிக்கிழமை எங்களில் இருவர் விலாசம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். அந்த அம்மாளின் கடை இரண்டு தையல் இயந்திரங்கள் நெருக்கி அடித்து நிற்கிற அகலம். சுவர் முழுக்கச் சீருடைச் சட்டைகள், பை தைக்காமல். மருமகளை ஏதோ வாங்கிவர அனுப்பச் சொன்னோம். பேனா எங்கள் பைக்குள் இருந்தது.

பத்து மணிக்குக் கேட்டோம். "வேணாங்க" என்றார், தைத்துக்கொண்டே.

எதிர்க்கடை நிழலில் போய் நின்றோம். ஒரு மணிக்குத் திரும்ப வந்தோம். அவர் சிரித்தார். "உங்க சார் அனுப்பினாரா?" இல்லை என்றோம், நாங்களாகவே வந்தோம் என்றோம். "அவருக்கு ஏத்த ஆளுங்கதான். வேணாங்க. வெயில்ல நிக்காம வீட்டுக்குப் போங்க."

நான்கு மணிக்கு வந்தபோது இயந்திரத்தை நிறுத்தினார். எங்களுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

"எங்கக்காவுக்கும் இதே எடம்தான். எடுத்தாங்க. எட்டு மாசம் கெடந்தா. நான்தான் தூக்கி உக்கார வெச்சேன், தூக்கிப் படுக்க வெச்சேன். எனக்குத் தூக்க யாரு இருக்கா? மருமக பாவம், வயித்துப் புள்ளைக்காரி. நாலஞ்சு நாளா யோசிச்சு யோசிச்சு முடிச்சுட்டேன். வேணாங்க. இதான் கடைசி."

நாங்கள் நான்காவது தடவை கேட்கவில்லை.

ஆக, சிவப்புக் கட்டம் சொன்னது சரியாகிவிட்டது. கண்காணிப்பாளரிடம் சொன்னால், அப்புறம் என்ன என்பார். வரும் வழியில் பஸ்ஸில் நாங்கள் இருவரும் அதைத்தான் யோசித்தோம், பேசிக்கொள்ளாமல். இதை மட்டும் வாசித்து நிறுத்தினால் உங்களுக்கு அது ஒருவகை நிம்மதியாகக்கூட இருக்கும். அந்த அம்மாளைக் கேட்டாயிற்று, அவர் சொன்னது அவருடைய பதில்.

ஆனால் கடை வாசலில் அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார்.

"அன்னிக்கு பஸ்ஸுல இருந்து பார்த்தேன். சீட்டைப் பிடிச்சுக்கிட்டு நடு ரோட்டுல நின்னாரு உங்க சாரு. அடுத்த ஸ்டாப்புல எறங்கிடலாமான்னு தோணுச்சு. எழுந்துகூட நின்னேன். கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஸ்டாப்பு வந்துச்சு. கூட்டம் எறங்குச்சு. அப்புறம் என்னமோ, உக்காந்துட்டேன்." தறித்த நூலை விரலில் சுற்றிக்கொண்டார். "நான் பார்த்தேன்னு அவருகிட்ட சொல்லுங்க."

சொல்லிவிட்டோம்.

இதை மடலில் சேர்ப்பதா என்று மூவரும் நான்கு நாள் பேசினோம். திங்கட்கிழமை, இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அம்மாளுக்கு நீங்கள் இத்தனை ஆண்டுகளாகச் சொன்ன சொல் மட்டுமே பொருந்தும். பச்சை பொருந்தாது, சிவப்பு பொருந்தாது. அதைப் பார்த்தவர் யாருமில்லை. சனிக்கிழமைக்குள் அது முடிந்துபோயிருந்தது. உங்கள் சொல் உண்மையான சொல் என்று சொல்ல எங்களிடம் இருக்கிற சாட்சி இது ஒன்றுதான். இது ஆறுதல் தராது என்று எங்களுக்குத் தெரியும்.

நாளை முதல் உங்கள் இடத்துக்கு ஆள் கிடையாது. பணியிடத்தை நீக்கிவிட்டார்கள். நாங்கள் மூவரும் பச்சையைத் தொடுவோம், சிவப்பைத் தொடுவோம். எங்கள் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும். விடுமுறை நாட்களில் முடிந்தபோது பஸ் ஏறுவோம். எத்தனை மாதத்துக்கு என்று உறுதி சொல்ல மாட்டோம். பெரும்பாலும் தாமதமாகத்தான் போய்ச் சேருவோம்.

கேட்டுக் கேட்டுக் களைத்தவரே!

நல்ல உடலோடும் நல்ல உறக்கத்தோடும் நெடுநாள் வாழ்க. முழங்கால்கள் இனியாவது உங்கள் பேச்சைக் கேட்கட்டும். இந்தக் கட்டடத்தின் படி ஏற வேண்டிய தேவை உங்களுக்கு என்றும் வராதிருக்கட்டும். என்றாவது ஒரு நாள் எங்கேயாவது ஒரு கட்டிலில் நீங்கள் படுத்திருந்து, யாராவது வந்து உங்களை ஒன்று கேட்க, நீங்கள் வேண்டாம் என்றால், கேட்டவர் எழுந்து போகாதவராக இருக்கட்டும்.

அன்புடனும் வணக்கத்துடனும்,
மொழிபெயர்ப்பு அறை ஊழியர்கள் மூவர்